இடது பெடல்

“ரெண்டு ஸ்குரு கிளீட் போதும் தங்கச்சி, நான் செல்றத—”

“மூணு ஸ்குருதான் நானா எனக்கு, ரேஸுக்குப் போறவங்க எல்லாரும்—”

“ரேஸுக்குப் போறவங்க ஒங்கட தோட்டத்து எறக்கத்தில போறாங்களா? மாடு குறுக்க வந்தா—”

“மாடு வந்தா நான் பாத்துக்கிறேன், நீங்க அந்த வெள்ளச் சப்பாத்த எடுங்க—”

“கால கழட்டத் தெரியாம மாட்டுக்கு மேலயே போய் விழு.”

ஐயா, எங்கள் தோட்டத்து ஆட்களுக்குச் சப்பாத்து வாங்குவது சுலபமில்லை. மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கி விரல்கள் விரிந்து, முன்பாதம் அகன்று போயிருக்கும். கடையில் உள்ளவையெல்லாம் ஒடுங்கிய காலுக்குச் செய்தவை. அன்று நுவரெலியாவில் சப்ராஸ் தம்பியின் சைக்கிள் கடையில் என் மகள் தனுஷிகா நாலு சோடி போட்டுக் கழற்றினாள். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பேரும் வாயாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரை அவள் நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதுதான் முதல்.

சண்டை என்னவென்றால், ரேஸ் சைக்கிளில் பெடல் மேல் சும்மா கால் வைத்து மிதிப்பதில்லை. சப்பாத்தின் அடியில் கிளீட் என்று ஒரு துண்டை ஸ்குருவால் பொருத்துகிறார்கள். அதைப் பெடலில் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று கவ்விக்கொள்ளும். பிறகு காலும் சைக்கிளும் ஒன்றுதான். விடுபட வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு ஸ்குரு கிளீட் சின்னது, இறங்கி நடக்கலாம். மூன்று ஸ்குரு கிளீட் பெரிய பிளாஸ்டிக். மிதிக்கிற பலம் முழுவதும் சக்கரத்துக்குப் போகும், ஆனால் இறங்கினால் வாத்து மாதிரிதான் நடக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும்.

“அக்கா, நீங்களாச்சும் செல்லுங்க இவளுக்கு,” என்றார் சப்ராஸ் தம்பி.

“நான் சொல்லி இவ எப்ப தம்பி கேட்டா? பொறக்கிறப்பவே கால நீட்டிக்கிட்டுப் பொறந்தவ.”

“அம்மாவே பாத்து எடுக்கட்டும் நானா. எங்கம்மா கொழுந்துக் கூடையத் தூக்காமலே எத்தன கிலோன்னு சொல்லுவாங்க.”

இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்த கை, எது உறுதி எது இல்லை என்று கைக்குத் தெரியும். மூன்று ஸ்குருவைத்தான் எடுத்துக் கொடுத்தேன். மகள் ஆசைப்பட்டாள், எடுத்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் இருக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சப்பாத்தில் பெருவிரல் இடிக்கிறதா என்று நானே அமுக்கிப் பார்த்தேன். சப்ராஸ் தம்பி கிளீட்டைப் பாதத்தின் அகன்ற எலும்புக்கு நேராக வைத்துப் பூட்டினார். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, அவளை ஏற்றி, மாட்டு, கழற்று, மாட்டு, கழற்று என்று ஐம்பது தடவை செய்யவைத்தார். அவள் இடது காலைத்தான் எப்போதும் முதலில் கழற்றினாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லிப்புட்டேன்,” என்றேன். “ரோதமுனிகிட்ட கால் ஊண்டாமப் போகக்கூடாது.”

“அம்மா, ஊருக்கே கேக்குது.”

“கேக்கட்டும். சத்தியம் பண்ணு.”

“சத்தியம். போதுமா?”

“அதாரு அக்கா ரோதமுனி?” என்று சப்ராஸ் தம்பி கேட்டார்.

உங்களுக்கும் தெரியாதிருக்கலாம். ரோதை என்றால் சக்கரம். ஃபெக்டரி சக்கரத்துக்குக் காவல் அவர்தான். எங்கள் மூங்கிலாத்துத் தோட்டத்தில் ஃபெக்டரிக்குக் கீழே, வளைவில் இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், தகரக் கூரை. சக்கரம் வைத்த எதுவும் அவரைத் தாண்டும்போது நிற்க வேண்டும், ஓட்டுகிறவர் ஒரு காலையாவது மண்ணில் ஊன்ற வேண்டும். கொழுந்து லொறி டிரைவர் சிங்களவர். அவரும் கதவைத் திறந்து ஒரு கால் வைத்துவிட்டுத்தான் போவார்.

சப்ராஸ் தம்பி சிரித்தார். “கிளீட் போட்ட ஆளுக்கு அதுதான் அக்கா கஷ்டம். ஓடக்குள்ள ஒத்தரும் வுழுறதில்ல. நிக்கக்குள்ளதான் எல்லாரும் ஒருக்கா வுழுவாங்க. நானும் எங்கட கட வாசல்லயே வுழுந்தேன், சனம் பாத்துக்கொண்டு ஈக்க. ஒண்டும் ஆகாது, மானம்தான் போகும்.”

பெடலின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரு இருக்கிறது. அதை வளைந்த சாவி ஒன்றால் அவர் தளர்த்தினார். இரண்டு பெடலிலும், ஒரே அளவாக.

“இத இறுக்கினா என்ன ஆகும் தம்பி?”

“இறுக்கினா பெடல் காலை லேசில வுடாது அக்கா. பெரிய ரேஸ்காரங்களுக்குத்தான் அது. புதுசா ஓடுறவங்களுக்குக் கடைசி வரைக்கும் லூசா வைக்கணும்.”

கேட்டால் சொல்கிற மனிதர். சாவியையும் எங்களிடமே கொடுத்துவிட்டார். அதை அடுப்பாங்கரைத் தட்டில் மைலோ டின்னுக்குள் போட்டு வைத்தேன்.

தனு சைக்கிள் நன்றாக ஓடினாள். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் கந்தப்பளை வரைக்கும் ஒரு ஓட்டம், வேலை முடிந்து வந்து இன்னொன்று. மலையில் வேலை செய்கிற பிள்ளை, ஏற்றம் அவளுக்கு ஏற்றமாகவே தெரியவில்லை. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ரேஸ் வைக்கிறார்கள், அதில் முதல் ஐந்துக்குள் வந்தால் கொழும்பில் ஒரு கிளப் எடுத்துக்கொள்ளும், வேலையும் தங்க இடமும் தரும் என்று சப்ராஸ் தம்பி சொன்னார். கிளப்பிலிருந்து ஒருவர் வந்து அவள் ஓடுவதைப் பார்த்தும் போனார். ரேஸ் எதற்கு, இப்போதே எடுத்துக்கொள்ளலாம் போல என்று சிங்களத்தில் சொன்னாராம். அதைச் சொல்லும்போது தனு என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

நானும் சந்தோஷப்பட்டேன். படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. லயத்து வீடுகள் முழுக்கச் சீனி கொடுத்தேன்.

அடுத்த வாரம் கண்டாக்கு ஐயா எங்கள் வாசலில் நின்றார். மலை வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர். நல்ல மனிதர், உட்காரச் சொன்னால் உட்காருவார். அன்று உட்காரவில்லை.

“ஜீவராணி, மகள் கொழும்புக்குப் போகுதாமே.”

“அப்படித்தான் சொல்றாங்கய்யா.”

“நல்ல விசயம். ஆனா ஒனக்குத் தெரியும்தானே. ஒனக்கு வயசுக்குப் பேர் வெட்டியாச்சு. இப்ப வீட்டில வேல செய்யிற பேர் மகளோடது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா காம்பராவ ஒப்படைக்கணும்.”

“நான் எங்கய்யா போவேன்?”

“சட்டம் நான் போட்டதா?”

ஐயா, லயத்துக் காம்பரா எங்களுக்குச் சொந்தமில்லை. தோட்டத்தில் வேலை செய்கிற பேர் ஒன்று இருக்கும்வரைதான் கூரை. எனக்கு அறுபத்தொரு வயது. அந்தக் காம்பராவில்தான் பிறந்தேன். என் புருஷன் மாயாண்டி செத்ததும் அதே மூலையில். தனு பிறந்ததும் அங்கேதான். ஆஸ்பத்திரி லொறி வருவதற்குள் பிறந்துவிட்டாள். வாசலில் மூன்று பாத்தி கரட்டும் லீக்ஸும் போட்டிருக்கிறேன். பூண்டுலோயாவில் என் தம்பி வீட்டில் ஏற்கனவே ஒன்பது பேர்.

தனுவிடம் சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

“அப்ப நீங்களும் கொழும்புக்கு வாங்கம்மா.”

“அங்க நான் என்னடி செய்யிறது?”

“ஒண்ணும் செய்ய வேணாம். ஒக்காந்து சாப்பிடுங்க. முப்பத்தெட்டு வருசம் அட்டக் கடி வாங்கினது போதும்.”

“என்னோட வீடு?”

“அது வீடாம்மா? மழைக்கு நாலு சட்டி வைக்கிறோம்.”

அப்படிச் சொன்னாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளை, வாயில் வந்ததைச் சொல்லும். உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஒரு வழிதான் இருந்தது. அவள் அந்த ரேஸில் ஓடாமல் இருக்க வேண்டும். ஓடாதே என்று சொன்னால் கேட்கிறவள் இல்லை. ஒரு சின்னச் சுளுக்கு, கையில் ஒரு வீக்கம், இரண்டு வாரம் படுக்கை. கிளப்காரர் வேறு பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நான் ஆறுதல் சொல்வேன். அடுத்த வருடத்துக்குள் கல்யாணம் பேசிவிடலாம், மருமகன் தோட்டத்தில் பேர் உள்ளவனாக இருந்தால் வீடும் நிற்கும். எந்தத் தாயும் இப்படித்தான் யோசிப்பாள். அவளுக்குக் கெடுதல் என்று நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் தனு பீலிக்குக் குளிக்கப் போனாள். சைக்கிள் வாசலில் சாய்ந்திருந்தது. மைலோ டின்னிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் இடது பெடல் பக்கம் குந்தினேன். ஸ்குருவைத் திருப்பினால் ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு சின்னச் சத்தம் வரும், பல் கடிப்பது மாதிரி. அதற்கு மேல் திரும்பாது என்கிறவரை திருப்பினேன். பிறகு அவளுடைய சப்பாத்துக்குள் என் கையை விட்டுப் பெடலில் மாட்டிப் பார்த்தேன். மாட்டியது. இரண்டு கையாலும் முறுக்கினேன். வரவில்லை. மூன்றாவது தடவை உடம்பு முழுக்கச் சாய்த்து முறுக்கியபோதுதான் கழன்றது. வலது பெடலைத் தொடவில்லை.

சாவியைத் துடைத்து டின்னில் போட்டுவிட்டு அவளுக்கு ரொட்டி சுட்டேன். பருப்பு வைத்து, தேங்காய்ச் சம்பல் அரைத்தேன். மூன்று ரொட்டி சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில். எங்கள் வாசல் பாத்தியிலிருந்து ரோதமுனி வளைவு நேராகத் தெரியும். அவள் தலைக்கவசத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“ரோதமுனிகிட்ட—”

“ஊண்டிட்டுத்தாம்மா போவேன். நூறு தடவ சொல்றீங்க.”

லயத்து முற்றத்திலிருந்து வளைவு வரைக்கும் வெறும் இறக்கம். உருட்டிக்கொண்டே போனாள். முனிக்கு முன்னால் பிரேக் பிடித்தாள். சைக்கிள் நின்றது. இடது குதிகாலைத் திருப்பினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. இடது பக்கம் சாய்ந்தாள். மெதுவாகத்தான் விழுந்தாள் ஐயா. ஒரு மரக்கிளை சாய்கிற மாதிரி. அவள் கத்தவில்லை. பக்கத்தில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த பூசாரி மூக்கன்தான் கத்தினான்.

நான் கையிலிருந்த கரட்டில் மண்ணைத் தட்டி, வரப்பில் வைத்துவிட்டு ஓடினேன்.

சாலையின் இடது ஓரத்தில், முனிக்கு முன்னால், எப்போதும் புல்தரைதான். மாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் உருளும். அங்கே விழுந்தால் சட்டையில் புல் ஒட்டும், அவ்வளவுதான். அன்று புல்தரை இருக்கவில்லை. முனி திருவிழாவுக்கு மழைத் தண்ணீர் கோயிலுக்குள் வராமலிருக்க, புல்லைச் செதுக்கி, இடுப்பளவு ஆழத்துக்குக் கான் வெட்டி, இரண்டு கரையிலும் கருங்கல் அடுக்கியிருந்தார்கள். தனு அந்தக் கானுக்குள் மல்லாக்க விழுந்திருந்தாள். முதுகு கல் விளிம்பில். கால் இன்னும் பெடலில்தான் இருந்தது. சைக்கிள் அவள் மேல்.

“அம்மா, கால் வரல,” என்றாள். பிறகு, “அம்மா, கால் தெரியல,” என்றாள்.

கண்டி பெரியாஸ்பத்திரியில் ஐந்து வாரம். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் சொன்னார். சிங்களத்தில் சொன்னார், நான் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளுக்கு நான்தான் தலை வாரினேன், நான்தான் புரட்டிப் படுக்கவைத்தேன், நான்தான் சோறு ஊட்டினேன். வார்டில் இருந்த எல்லோரும் சொன்னார்கள், இப்படி ஒரு தாயைப் பார்த்ததில்லை என்று. நர்ஸ் மிஸ்ஸைக் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்துப் பெரிய துரையும் வந்து பார்த்தார். மனிதாபிமானம் உள்ளவர். அடுத்த கிழமையே கடிதம் அனுப்பினார். விபத்தில் ஊனமான தொழிலாளி தனுஷிகா அந்த வீட்டில் வசிக்கும்வரை காம்பராவைத் திரும்பக் கேட்பதில்லை என்று, முத்திரையோடு. அதைக் கொண்டுபோய் மகளிடம் வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். வாசித்துவிட்டு வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

“சப்ராஸ் நானா எங்கம்மா?”

“கட பூட்டிக் கெடக்குடி. பெடல தப்பா இறுக்கிட்டாருன்னு பொலிசு புடிச்சு வச்சு விசாரிக்குது.”

“நீங்க அதுக்கு என்ன சொன்னீங்க?”

“எனக்கு என்ன தெரியும்னு சொன்னேன்.”

“நானா ரெண்டு பெடலையும் ஒரே மாதிரிதான் வச்சாங்க. நான் அதே பெடல்ல ரெண்டு மாசம் ஓடினேன். வியாழக்கெழம காலையிலயும் முனிகிட்ட கால் ஊண்டினேன், லேசா வந்திச்சு.” கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினாள். “சாவி நம்ம வீட்டிலதான் இருந்திச்சு. வீட்டில நம்ம ரெண்டு பேரு.”

நான் சீப்பில் இருந்த மயிரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

“பொலிசுக்குப் போய் சொல்லுங்கம்மா. நானாவ விடச் சொல்லுங்க. சொன்னா நான் வீட்டுக்கு வாறேன். சொல்லலன்னா அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்.”

மிதிக்க மாட்டேன் என்று அவள் சொன்னபோது எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அவளை வேறு இடத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். சக்கர நாற்காலிப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம், ராகமைப் பக்கம். அவளே விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நேற்றுக் கண்டாக்கு ஐயாவும் வந்து கேட்டுவிட்டுப் போனார், “புள்ள எப்ப வருது? வராட்டி துரையோட கடிதம் செல்லாது, தெரியும்தானே?” என்று. அதற்காக நான் இங்கே வரவில்லை. ஒரு பாவமும் அறியாத மனிதருக்குக் கடை திறக்க வேண்டும், அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள், கான் வெட்டியது எனக்குத் தெரியுமா என்று. இதுவரை நான் சொன்னதெல்லாம் உண்மை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

தெரியும். புதன்கிழமை கல் அடுக்கியவர்களுக்கு நான்தான் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கன் கானுக்குள் நின்றுகொண்டு, “அக்கா, இதுக்குள்ள மாடு வுழுந்தா எந்திரிக்காது,” என்றான். கல்லின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். உளி போட்ட கல், கூராகத்தான் இருந்தது.

நான் திங்கட்கிழமையே முடிவெடுத்துவிட்டேன். அன்றும் அவள் பீலிக்குப் போனாள், சாவியும் டின்னில் இருந்தது. சைக்கிள் பக்கம் போய்க் குந்தவும் செய்தேன். பிறகு யோசித்தேன். கான் வெட்ட அன்றுதான் கயிறு கட்டியிருந்தார்கள், புல் அப்படியே இருந்தது. புல்லில் விழுந்தால் தட்டிவிட்டு எழும்பிவிடுவாள். சுளுக்கு ஒரு கிழமையில் ஆறிவிடும். ரேஸுக்குப் பத்து நாள் இருந்தது. ஓடியே தீருவாள், எனக்கு என் மகளைத் தெரியும். அதனால் கல் அடுக்கி முடிக்கட்டும் என்று வியாழக்கிழமை வரை பொறுத்தேன்.

அவ்வளவுதான் ஐயா. நான் செய்தது முழுவதும் இதுதான். அவளை இழக்க என்னால் முடியாது என்பதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. அடுப்பாங்கரைப் பக்கம் அவளுக்குக் கட்டில் போட்டிருக்கிறேன், அங்கேதான் குளிர் குறைவு. கூரைத் தகரத்தையும் மாற்றித் தருவதாகத் துரை சொல்லியிருக்கிறார். வாசலில் நாற்காலி ஏறப் பலகையும் அடித்தாயிற்று.

பேரை எங்கே எழுத வேண்டும் என்று காட்டுங்கள், எழுதுகிறேன்.

“எல்லாம் எழுதிட்டீங்கதானே ஐயா? அப்ப தனுவ இன்னிக்கே காம்பராவுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா?”